கிராபிக்ஸ் கார்டுக்காக உண்டியலைத் திறக்க வேண்டாம்



திருவிழா முடிஞ்ச நாளிலிருந்து புலனக் குழுவில் ஒரே கேள்வி: "தீமிதி காணொளி எப்ப வரும்?" கூடவே ஒரு யோசனையும் வருது: "கோயில் கணினி பழசாப் போச்சு. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டுப் புதுசு வாங்கிடலாம். ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டா முடிஞ்சது. மீதியை உண்டியல் பணத்துல பார்த்துக்கலாம்."

நல்ல மனசோடதான் சொல்றீங்க, அதுல சந்தேகமே இல்லை. ஆனா காணொளி வேலை பார்க்கிற தொண்டூழியர்களாகிய எங்க கருத்து வேற. இப்போதைக்குப் புது கணினியும் வேண்டாம், புது கார்டும் வேண்டாம். ஏன்னு கணக்கோட எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், ஒரு தேத்தண்ணி போட்டுக்கிட்டுப் படிங்க.

நம்மகிட்ட என்ன இருக்கு?

ஓர் அலுவலகத்தில் கழிச்சுவிட்ட கணினி. இன்டெல் ஆறாம் தலைமுறை சிபியு, 8 ஜிபி ரேம். பக்தர் ஒருத்தர் கொடுத்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 கார்டு அதில் இருக்கு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேணும்னு அவங்க நிபந்தனை. அதனால நல்லா ஓடுற கணினியைக் குப்பையில போட மனசில்லாம லினக்ஸ் மின்ட் போட்டோம். காணொளி வெட்டி ஒட்ட கேடென்லைவ் மென்பொருள். ரெண்டுக்கும் ஒரு காசு கிடையாது.

"இலவசம்னா மட்டமாத்தான் இருக்கும்"னு சிலர் நினைக்கிறீங்க. கேடென்லைவ் 2002லிருந்து வளர்ந்து வருகிற மென்பொருள். பக்கத்துல கேரளாவைப் பாருங்க. அங்கே அரசுப் பள்ளிகள்ல கணினிப் பாடமே பல வருஷமா லினக்ஸ்லதான். 2018ல் தொடங்கின 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றத்துல உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இதே கேடென்லைவ்ல காணொளி எடிட் பண்ணக் கத்துக்கிறாங்க. நம்ம நாட்டுலயும் 2004லேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அரசாங்கம் மாம்பு மூலமா வெளியிட்டது. ஆக, யாரும் தொடாத காட்டுக்குள்ள நாம போகலை.

இன்னொன்னும் சொல்லிடுறோம். "விண்டோஸ்ல கிராக் மென்பொருள் போட்டுக்கலாமே"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. அம்மன் சந்நிதிக்கு முன்னால எடுத்த காணொளியைத் திருட்டு மென்பொருள்ல வெட்டறது எங்களுக்கு ஒப்பலைங்க. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கோயில் காரியத்துக்குன்னு ஒரு சுத்தம் வேணும் இல்லையா?

காணொளி ஏன் திக்கித் திக்கி ஓடுது?

பிரச்சினை இதுதான். கைப்பேசியில் எடுத்த தீமிதி காணொளியை டைம்லைனில் போட்டு ஓட்டினா, படம் நிற்குது, ஒலி மட்டும் ஓடுது. ஒரு கடையில் காட்டினதுக்கு, "கார்டு பத்தாது, மாத்திடுங்க"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க. விலை நாலாயிரம் வெள்ளிக்கு மேல. கணினியைத் திறந்து பார்க்கவும் இல்லை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

எங்க குழுவில் தொழிற்சாலை வேலை பார்க்கிறவங்க இருக்கோம். உற்பத்தி லைன்ல அஞ்சு இடம் இருந்தா, மெதுவான இடம் எதுவோ அதன் வேகம்தான் லைனோட வேகம். அச்சு வார்க்கிற இடத்துல தேங்கி நிற்கும்போது, பேக்கிங் பண்ற இடத்துக்குப் புது மெஷின் வாங்கினா என்ன ஆகும்? புது மெஷின் சும்மா நிற்கும், அவ்வளவுதான். கணினியும் ஒரு லைன்தான். டிஸ்க் கோப்பைக் கொடுக்குது, சிபியு அதைப் பிரிக்குது, ரேம் தாங்கிப் பிடிக்குது, கார்டு திரையில காட்டுது. எந்த இடத்துல தேங்குதுன்னு பார்க்காம காசை எடுத்து நீட்டக் கூடாது.

பார்க்கிறதுக்குப் படிப்பு தேவையில்லை. காணொளியை ஓட்டிக்கிட்டே மின்ட்ல சிஸ்டம் மானிட்டரைத் திறந்து வைங்க. சிபியு கோடுகள் எல்லாம் உச்சியில முட்டுதா? அப்போ கோப்பைப் பிரிக்கிற வேலைதான் பாரம். ரேம் நிறைஞ்சு ஸ்வாப் ஏறுதா? அப்போ ரேம் பத்தலை. ரெண்டுமே சும்மா இருந்தும் திக்குதா? கோப்பு மெதுவான பென்டிரைவ்ல இருக்கா பாருங்க. கார்டு எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்க்க என்விடாப்னு ஓர் இலவசக் கருவி இருக்கு.

நாங்க பார்த்தப்ப சிபியு முழுசா முட்டிக்கிட்டு நின்னுச்சு. கார்டு ஏறக்குறைய தூங்கிக்கிட்டு இருந்துச்சு. தூங்குற ஆளுக்குப் பதிலா இன்னும் பெரிய ஆளைக் கொண்டு வந்து படுக்க வைக்கத்தான் நாலாயிரம் வெள்ளியா?

சிபியுவுக்கு என்ன அவ்வளவு பாரம்?

இப்ப வர்ற கைப்பேசிகள் 4கே அளவுல எடுக்குது. ஒரு படத்துக்கு 3840 பெருக்கல் 2160, அதாவது 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளி. ஒரு நொடிக்கு 30 படம். அப்போ ஒரே நொடியில 24 கோடியே 88 லட்சம் புள்ளி. ஒரு காட்சி கரைஞ்சு அடுத்த காட்சி வர்ற இடத்துல ரெண்டு காணொளி ஒரே நேரத்துல ஓடணும், கணக்கு இரட்டிப்பாகுது.

அதுக்கு மேல, கோப்பு சின்னதா இருக்கணும்னு கைப்பேசி அதை எச்.265 முறையில சுருக்கி வைக்குது. இதைப் புரிஞ்சுக்க அன்னதானப் பந்தியை நினைச்சுக்கோங்க. முதல் இலைக்கு என்னென்ன பரிமாறினோம்னு முழுசா எழுதுறோம். அடுத்த இலைக்கு "அதேதான், வடை மட்டும் இல்லை"ன்னு எழுதுறோம். அதுக்கடுத்து "அதேதான், பாயசம் கூட". எழுதுற தாள் மிச்சம். ஆனா இருபதாவது இலையில என்ன இருக்குன்னு யாராச்சும் கேட்டா, முதல் இலையிலிருந்து படிச்சுக்கிட்டே வரணும். சுருக்கின காணொளியும் அப்படித்தான். முழுப் படம் எப்பவாவது ஒண்ணு, நடுவுல எல்லாம் மாற்றம் மட்டும். எடிட் பண்ணும்போது நாங்க நடுவுல குதிக்கிறோம், பின்னால போறோம், வெட்டுறோம். ஒவ்வொரு தடவையும் சிபியு முதல் இலைக்கு ஓடுது.

"எங்க போன்ல நல்லா ஓடுதே"ன்னு கேட்பீங்க. சரியான கேள்விதான். போன்ல அந்தச் சுருக்கைப் பிரிக்கிறதுக்குன்னே தனிச் சில்லு இருக்கு. அதோட போன்ல ஒரே காணொளி, ஒரே திசையில ஓடுது. எடிட்டிங் மேசை அப்படி இல்லை. கேடென்லைவ்ல டைம்லைன் வேலை பெரும்பாலும் சிபியுவிலதான் நடக்குது. பெரிய கார்டு போட்டா உடனே பறக்கும்ங்கிறது இந்த மென்பொருளுக்குப் பொருந்தாத பேச்சு.

சரி, டாவின்சி ரிசால்வ் போடலாமேன்னு சிலர் சொன்னாங்க. நல்ல மென்பொருள்தான், கார்டை நல்லா பயன்படுத்தும். ஆனா லினக்ஸ்ல அதன் இலவசப் பதிப்புக்குக் கைப்பேசி எடுக்கிற எச்.264, எச்.265 காணொளியோட ஒத்துப்போகாது. ஒவ்வொண்ணையும் முதல்ல வேற வடிவத்துக்கு மாத்தணும், இல்லாட்டி காசு கொடுத்து ஸ்டூடியோ பதிப்பு வாங்கணும். நம்ம வேலைக்கு அது தேவையில்லை.

காசில்லாமல் செஞ்ச வைத்தியம்

மத்த கோயில் பிள்ளைகளுக்கும் உதவட்டும்னு வரிசையா எழுதுறோம்.

1. டிரைவர். லினக்ஸ் போட்டதும் என்விடியா கார்டுக்கு நூவோங்கிற பொது டிரைவர்தான் வரும். திரை தெரியும், ஆனா ஜிடிஎக்ஸ் 1050 மாதிரி பாஸ்கல் வகைக் கார்டுகளை அது முழு வேகத்துக்குத் தூக்க முடியாது. கார்டு முதல் கியர்லயே ஊர்ந்து போகும். மின்ட்ல டிரைவர் மேனேஜரைத் திறந்து என்விடியாவோட சொந்த டிரைவரைத் தேர்ந்தெடுத்து, மறுபடி துவக்கணும். ஒரு எச்சரிக்கை: பாஸ்கல் வகைக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர். அதுக்குப் புதுசா வர்றதைப் போட்டா கார்டு வேலை செய்யாது. புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லைங்க.

2. செக்யூர் பூட். டிரைவர் போட்டும் மாற்றம் இல்லைன்னா, பயாஸ்ல செக்யூர் பூட் திறந்திருக்கான்னு பாருங்க. கையொப்பம் பதியாத டிரைவரை அது உள்ளே விடாது. அப்புறம் சிஸ்டம் தகவல்ல கிராபிக்ஸ் பகுதியைப் பாருங்க. அங்கே கார்டு பேருக்குப் பதிலா எல்எல்விஎம்பைப்னு இருந்தா, திரையில காட்டற வேலையையும் சிபியுவே இழுத்துப் போட்டுச் செய்யுதுன்னு அர்த்தம்.

3. ப்ராக்ஸி. நம்ம விஷயத்துல உண்மையான மருந்து இதுதான். பக்தர்களுக்கு எளிதாப் புரியும். மூலவர் கருவறையை விட்டு அசையறது இல்லை. வீதி உலா போறது உற்சவர். உலா முடிஞ்சதும் தீபாராதனை மூலவருக்குத்தான். அது போல, பெரிய 4கே கோப்பு அப்படியே பத்திரமா இருக்கும். கேடென்லைவ் அதுக்கு ஒரு சின்ன நகல் எடுத்துக்கும். வெட்டறது, ஒட்டறது எல்லாம் அந்த நகல்ல நடக்கும். கடைசியா வெளியிடும்போது மென்பொருள் தானாவே மூலக் கோப்பை எடுத்துக்கும். தரம் ஒரு துளி குறையாது. திட்ட அமைப்புல ப்ராக்ஸியைத் திறந்துவிட்டா போதும். நகல் எடுக்க நேரம் ஆகும்தான், ராத்திரி போட்டுட்டுத் தூங்கப் போயிடலாம். வெளியிடுற பக்கத்துல 'ப்ராக்ஸி வைத்து வெளியிடு'ங்கிற கட்டத்தை மட்டும் தொட்டுடக் கூடாது.

4. முன்னோட்ட அளவு. திரையில பார்க்கும் அளவை 540 அல்லது 360க்குக் குறைக்கலாம். பார்வைக்கு மட்டும்தான், வெளியீட்டுக்குப் பாதிப்பு இல்லை.

5. படவேகம். கைப்பேசி இருட்டுல ஒரு வேகம், வெளிச்சத்துல ஒரு வேகம்னு மாத்தி மாத்தி எடுக்கும். அதனாலதான் உறுமி அடிக்கிற கையும் சத்தமும் ஒட்டாம போகுது. கோப்பைச் சேர்க்கும்போது நிலையான வேகத்துக்கு மாத்தவான்னு கேடென்லைவே கேட்கும். சரின்னு சொல்லுங்க.

6. வெளியீடு. கடைசியா கோப்பு தயாரிக்கிற நேரத்துல என்விடியா கார்டோட என்வென்க் வசதியைப் பயன்படுத்தலாம். கார்டுக்கு உண்மையான வேலை அங்கேதான். தூங்கிக்கிட்டு இருந்தவரை அந்த நேரத்துல எழுப்பினா போதும்.

முதல் ரெண்டையும் செஞ்சதும் ஜன்னல் திறக்கிறது, திரை நகர்றது எல்லாம் சுறுசுறுப்பாச்சு, ஆனா 4கே காணொளி திக்கிறது நிற்கலை. மூணாவதைச் செஞ்ச பிறகுதான் தண்ணி மாதிரி ஓடுச்சு. கார்டுதான் குறைன்னு சொன்னதுக்கு இதைவிட வேற பதில் வேணுமா?

அப்படின்னா எப்பவுமே வாங்கவே வேண்டாமா?

அப்படிச் சொல்லலை. நியாயமான செலவும் இருக்கு. 8 ஜிபி ரேமை 16 ஆக்கலாம். சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி போடலாம். சில நூறு வெள்ளிக்குள்ள அடங்கிடும், அந்தக் கணினிக்கு ஆயுசும் கூடும். கார்டு எரிஞ்சு போனா மாத்தித்தான் ஆகணும். நாளைக்கு மூணு நாலு கேமரா வச்சு நேரலை போடணும்னு ஆலய நிர்வாகம் முடிவெடுத்தா, அது வேற கணக்கு, அப்ப உட்கார்ந்து பேசுவோம். காரணம் கண்டுபிடிக்காம வாங்கறதைத்தான் வேண்டாம்னு சொல்றோம்.

உண்டியல்ல விழற காசு யார் காசுன்னு நமக்குத் தெரியும். பால் மரம் வெட்டி, செம்பனைக் குலை தூக்கி, இன்னிக்கு முதுகு வளைஞ்சு போன அம்மாமாருங்க முந்தானையிலிருந்து அவிழ்த்துப் போட்டது. அந்த ஒரு வெள்ளிக்குக் கணக்கு சொல்ற பொறுப்பு நமக்கு இருக்கு.

அந்தக் காசுக்கும் நேரத்துக்கும் வேற அவசர வேலை இருக்கு

இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தோம். நம்ம வீடுகள்ல அலமாரி மேல பழைய விஎச்எஸ் டேப்புகள் கிடக்கு. தோட்டத்துல லயம் இருந்த காலத்துத் திருவிழா, கரகம், காவடி, கல்யாணம். லயங்களை உடைச்சாச்சு. ஜனங்க தாமான்களுக்கும் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் போயாச்சு. அந்த இடம் எப்படி இருந்துச்சு, கோயில் எந்த மரத்தடியில இருந்துச்சு, யார் யார் முன்னால நின்னு நடத்தினாங்கங்கிறதுக்கு மிச்சம் இருக்கிற சாட்சி அந்த டேப்புதான். கோயிலோட வரலாற்றை எழுதணும்னு நாளைக்கு யாராவது உட்கார்ந்தா, கையில என்ன இருக்கும்னு யோசிங்க.

டேப்பு நம்ம ஊர் வெக்கையிலயும் ஈரத்துலயும் பூஞ்சை பிடிக்குது. ஓட்டற மெஷினும் இனி புதுசா வராது. கடைசியா விசிஆர் தயாரிச்சுக்கிட்டிருந்த ஜப்பானிய ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில நிறுத்திட்டாங்க. இருக்கிற பழைய மெஷினைத் தேடிப் பிடிச்சு, தலையைச் சுத்தம் பண்ணி, கணினிக்கு இழுக்கிற ஒரு சின்னக் கருவி வாங்கித்தான் மாத்தணும்.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. நம்ம நாட்டு பால் முறையில கணினிக்கு ஏத்தின டேப்புப் படம் 720 பெருக்கல் 576, அதாவது 4 லட்சத்து 14 ஆயிரத்து 720 புள்ளி. ஒரு 4கே படத்துல சரியா இருபதுல ஒரு பங்கு. நாம "பழசு"ன்னு ஒதுக்கப் பார்க்கிற கணினிக்கு இது ஒரு பாரமே இல்லை. எது அழிஞ்சா திரும்ப வராதோ, அந்த வேலைக்குப் புது கார்டு தேவையே இல்லை. இந்த வருஷத் தீமிதி நூறு போன்ல இருக்கு. லயத்துத் திருவிழா ஒரே ஒரு டேப்புல இருக்கு.

டேப்பு மட்டும் இல்லை. அதுல வர்ற முகங்களைப் பார்த்து "இது இன்னார் மகன், இவங்க அந்த லயத்துப் பாட்டி"ன்னு பேர் சொல்லக்கூடிய பெரியவங்களும் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே போறாங்க. பேர் தெரியாத முகம் பாதி வரலாறுதான். அந்தப் பெரியவங்களைக் கோயில் மண்டபத்துல உட்கார வச்சு, டேப்பைப் போட்டுக் காட்டி, அவங்க சொல்றதை ஒலிப்பதிவு பண்ணணும். இதுக்கு எந்தக் கடையிலயும் கார்டு விற்கலை.

ஆகவே எங்க கோரிக்கை

திருவிழாவுல படம் எடுக்கிறவங்களுக்கு: கைப்பேசியில 1080, 30 படம்னு வச்சு எடுங்க. முகநூலுக்கும் கோயில் திரைக்கும் அது தாராளம். ஐபோன்னா கேமரா ஃபார்மட்ல 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுங்க. ஆண்ட்ராய்டுல 'ஹை எஃபிஷியன்சி' இருந்தா மூடிடுங்க. எச்.டி.ஆர். வேண்டாம். புலனத்துல காணொளியா அனுப்பினா அது நசுக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் போகும். அதுக்கு மேலன்னா நேர்ல வந்து கொடுங்க.

டேப்பு வச்சிருக்கிறவங்களுக்கு: வெள்ளைப் பூஞ்சை தெரிஞ்சா தயவுசெஞ்சு மெஷின்ல போட்டுப் பார்க்காதீங்க. அந்தப் பூஞ்சை மெஷின் தலையில ஒட்டி அடுத்த டேப்பையும் கெடுக்கும். அப்படியே ஒரு பெட்டியில போட்டு, யார் வீட்டு டேப்பு, என்ன நிகழ்ச்சின்னு தாள்ல எழுதிக் கொண்டு வாங்க. மாத்தி முடிச்சதும் டேப்பு உங்க கைக்குத் திரும்ப வரும், கூடவே ஒரு நகலும்.

ஆலய நிர்வாகத்துக்கு: கணினிக்குன்னு ஒதுக்க நினைச்ச பணத்துல ரேமும் எஸ்எஸ்டியும் போக, வெளி ஹார்டிஸ்க் ரெண்டு வாங்கித் தாங்க. ஒண்ணு கோயில்ல, இன்னொண்ணு வேற ஒரு வீட்டுல. ஒரே இடத்துல வச்சா, வெள்ளமோ தீயோ வந்தா ரெண்டும் சேர்ந்தே போயிடும். மீதிப் பணம் உண்டியல் கணக்குலயே இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு: கேடென்லைவ் கத்துக்க ஆசையுள்ள படிவம் மூணு, நாலு மாணவங்க வாங்க. கோத்தோங் ரோயோங் மாதிரி சேர்ந்து செய்யலாம். கணினி பழசு, கத்துக்கிற வித்தை பழசு இல்லை.

தீமிதி காணொளி வேலை நடந்துக்கிட்டு இருக்கு, சீக்கிரமே பதிவேத்துறோம். மாற்றுக் கருத்து இருக்கிறவங்க தாராளமா கீழே எழுதுங்க, காரணத்தோட எழுதுங்க. நாங்களும் படிச்சுப் பார்த்துப் பேசத் தயார்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.